ஜிபார் சொல்லாத சொல்

எங்கள் மலைநாட்டுப் பேச்சில் ‘மின்’ என்று ஒரு சின்னச் சொல் உண்டு. குறை என்று பொருள். குதிரையின் நடை கோணினால் மின். கம்பளத்தில் ஒரு தையல் விலகினால் மின். எண்ணெயில் பொரித்த போர்சோக் மேலே சிவந்து உள்ளே மாவாக இருந்தால் அதுவும் மின்தான். அதே சொல்லுக்கு ‘ஏறு’ என்றும் பொருள். சேணம் போட்ட குதிரையின் பக்கத்தில் நின்று ஒருவர் ‘மின்’ என்றால் ஏறி உட்கார வேண்டியதுதான். எது எந்த மின் என்று யாரும் யோசிப்பதில்லை, பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய காது தானாகவே பிரித்துக்கொள்ளும்.

மனிதர்களைப் பற்றியும் மின் சொல்லலாம். சொன்னால் அடுத்த வாரம் அவர் வீட்டில் தேநீர் குடிக்க ஆள் வராது, அவ்வளவுதான். மின் இல்லாதவன் அல்லாஹ் ஒருவன். மற்ற எல்லாவற்றிலும் தேடினால் கிடைக்கும். தேடாமலே கண்ணில் படுகிற ஒருத்தி இருந்தால் அவள் எங்கள் ஜிபார்.

ஜிபார் எனக்குப் பக்கத்து வீடு. கோடையில் மேய்ச்சல் மலைக்குப் போனால் பக்கத்துக் கூடாரம். அவள் மருமகளாக வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. இந்த இருபத்தேழு வருடத்தில் அவள் அந்தச் சொல்லை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை.

காரணம் அவள் மாமனார். அவர் பெயர் மிங்பாய். எங்கள் வழக்கத்தில் மருமகள் புகுந்த வீட்டுப் பெரியவர்கள் பெயரைச் சொல்லக் கூடாது, அந்தப் பெயர் மாதிரி ஒலிக்கிற சொல்லையும் சொல்லக் கூடாது. மிங் என்றால் ஆயிரம். அதனால் அவளுக்கு ஆயிரம் கிடையாது, பத்து நூறுதான். குதிரையில் ஏறச் சொல்ல முடியாது, ‘மேல போ’ என்பாள். எல்லாவற்றையும்விட, குறையைக் கண்டுபிடிக்கிற கண்ணை அவளுக்குக் கொடுத்த இறைவன், குறை என்கிற சொல்லை அவள் வாயிலிருந்து எடுத்துக்கொண்டான்.

அவள் கல்யாணத்தன்று நான் கூடவே இருந்தேன். மணப்பெண்ணைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தோம். வெளியே சீர்வரிசையாக வந்த பெண்குதிரையைப் பெரியவர்கள் சுற்றி நின்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள். திரையின் இடுக்கு வழியாக இவள் பார்த்தாள்.

“அக்கா, அந்த இடது பின்னங்கால் மூட்டுல... மி...”

நான் பாய்ந்து வாயைப் பொத்தினேன்.

“அடியே! மாமனார் பேரு! முதல் நாளே வாயில வருதா உனக்கு?”

என் விரல் இடுக்கு வழியாகவே சொன்னாள், “சரிக்கா, சொல்லல. ஆனா அங்க ஒன்னு இருக்கு.”

மறுவாரம் அந்தக் குதிரை நொண்டியது. அன்றிலிருந்து ‘ஒன்னு இருக்கு’ என்பது அவள் பேச்சானது. புதுப் பள்ளிவாசலில் கம்பளம் விரித்தபோது பெண்கள் பக்கம் வந்து நின்று பார்த்துவிட்டு, “கிப்லா அந்தப் பக்கம், கோடு இந்தப் பக்கம், ஒன்னு இருக்கு” என்றாள். முல்லா சிரித்தார். பிறகு தொழுகைத் திசையை அளந்து பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை, கம்பளத்தைத் திருப்பிப் போட்டார். நாங்களும் எங்கள் வீடுகளில் அப்படியே பேசப் பழகிவிட்டோம். என் மகளுக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றி என் வீட்டுக்காரர் ‘ஒன்னு இருக்கு’ என்று சொன்னபோதுதான் அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று எனக்கே உறைத்தது.

அப்படிப்பட்டவள் ஒன்றில் மட்டும் குறையே இல்லை என்று பிடிவாதமாக நின்றாள். அது காராகெர், அவர்கள் வீட்டு ஜோர்கோ. ஜோர்கோ என்றால் ஒரு பக்கத்துக் கால் இரண்டும் சேர்ந்து எழுந்து சேர்ந்து விழுகிற குதிரை. அதன்மேல் உட்கார்ந்து கிண்ணம் நிறையப் புளித்த குதிரைப்பால் குமிஸ் குடிக்கலாம், தளும்பாது. ஜோர்கோப் பந்தயத்தில் வேகம் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம், நடை மாறிப் பாய்ச்சலுக்குப் போகக் கூடாது. போனால் அதுதான் மின்.

போன இலையுதிர் காலத்துப் பந்தயத்தில் காராகெர் பாதி வழியில் பாய்ச்சலுக்குப் போனது. போனது போனதுதான், கடைசிவரை நடைக்குத் திரும்பவில்லை. மேலே உட்கார்ந்திருந்தவர் மிங்பாய் பெரியவரே. ஐந்து ஊர் பார்க்கத் தலை குனிந்து இறங்கினார்.

“மின் உள்ள ஜோர்கோ” என்றார் வீட்டுக்கு வந்து. “குளிருக்கு இறைச்சியாகும்.”

எங்கள் ஊரில் குளிர்காலத்துக்கு ஒரு குதிரை வெட்டுவது வழக்கம். அது பாவமும் இல்லை, புதுமையும் இல்லை. ஆனால் காராகெர் பிறந்த அன்று அதன் மூக்கிலிருந்த சவ்வைத் துடைத்து மூச்சு விட வைத்தவள் ஜிபார். மாமனாருக்கு எதிரே வாய் திறக்காதவள் அன்று திறந்தாள்.

“மாமா, தப்பு குதிரைமேல இல்ல. சேணத்துக்கு அடியில போடுற கம்பளி விரிப்புல இருக்கு. இடது பக்கம் ஒரு முடிச்சு. வேகம் எடுத்தா முதுகுல குத்துது.”

பெரியவர் தாடியைத் தடவினார். பிறகு தவணை கொடுத்தார். அடுத்த கோடையில் மலைப் பந்தயம். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் குதிரை இருக்கும். வராவிட்டால் நவம்பரில் கத்தி.

குளிர் முழுக்க அவள் புது விரிப்பு அடித்தாள், தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். தன் கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்ப்பாள், உறுத்துகிறதா என்று. நான் தொழுது முடித்துக் கை ஏந்தும்போது என் பிள்ளைகளோடு அந்தக் குதிரையையும் சேர்த்துக்கொண்டேன். கேட்பதற்கு என்ன, அதையும் அவன்தானே படைத்தான்.

பந்தய நாள் வந்தது. யா அல்லாஹ், என்ன கூட்டம்! ஆறு பள்ளத்தாக்கு ஜனமும் புல்வெளியில். பதினொரு ஜோர்கோ. குன்றைச் சுற்றி இரண்டு வட்டம். ஜிபாரின் வீட்டுக்காரர் ஆட்டு மந்தையோடு மேலே கணவாயில் இருந்தார், அதனால் காராகெரை ஓட்ட வேண்டியவன் கொழுந்தன் மெதெர். முப்பத்தெட்டு வயதாகியும் மதினியைக் கேலி பண்ணாமல் அவனுக்குத் தேநீர் இறங்காது.

கொடி விழக் கால் மணி நேரம்தான் இருந்தது. மெதெர் அங்கவடியில் கால் வைத்தான்.

“கொழுந்தனாரே, நில்லுங்க! அந்த வயித்துப்பட்டை வளையத்துல ஒன்னு இருக்கு!”

“மதினி, உங்களுக்கு எதுலதான் இல்ல? காலையில என் மூக்குலகூட ஒன்னு இருக்குன்னீங்க.”

“மூக்கு அப்புறம். வளையம் விரிசல் விட்டிருக்கு, குனிஞ்சு பாருங்க!”

“இது எங்க தாத்தா காலத்து வளையம். உங்களவிட இதுக்கு வயசு ஜாஸ்தி, மரியாதையாப் பேசுங்க.”

சொல்லிக்கொண்டே ஏறினான். ஏறி உட்கார்ந்து தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொள்வதற்குள் வளையம் டக்கென்று விட்டது. சேணம் சுழன்றது. மெதெர் சேணத்தோடு சேர்ந்து குதிரையின் வயிற்றுப் பக்கமாகப் போய்ப் புல்லில் விழுந்தான். எழுந்தபோது வலது மணிக்கட்டு வீங்க ஆரம்பித்திருந்தது. முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

“மதினி” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஒன்னு இருந்துச்சு.”

சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் தலைமை நடுவர் காதிராலி கத்தினார். “காராகெர் எங்கப்பா? மிங்பாய் அண்ணே, ஆள் இருக்கா இல்லையா? பத்துக் குதிரையோட விட்டுருவேன்!”

மிங்பாய் பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மகனைப் பார்த்தார். தொங்கிய சேணத்தைக் கழற்றிக் கீழே போட்டார். குதிரையின் முதுகில் ஜிபார் தைத்த விரிப்பு மட்டும் நின்றது. அதை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். பிறகு மருமகளைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

“மின்.”

ஜிபார் அப்படியே நின்றாள். அவள் கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது. சேணம் கழற்றிய குதிரை, அதன்மேல் மாமனார் கை, அந்தச் சொல். இருபத்தேழு வருடமாக அந்த வீட்டில் அந்தச் சொல்லை வாய் நிறையச் சொன்னவர் அவர் ஒருவர்தான், எப்போது சொன்னாலும் ஏதோ ஒன்றை ஒதுக்கித் தள்ளத்தான் சொன்னார். குறை என்றுதான் அவள் காதில் விழுந்தது. நவம்பர் என்று விழுந்தது.

“மாமா, குதிரைமேல தப்பில்ல மாமா... வளையந்தான் மாமா...”

“மின்னுங்கறேன்ல!” பெரியவர் அதட்டினார்.

அவள் காராகெரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. மெதெருக்கும் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்தது, ஏனென்றால் பெரியவர் அதற்குள் தன் சொந்தக் குதிரையின் சேணத்தை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார். நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“அடி பைத்தியமே! அந்த மின் இல்லடி! இந்த மின்! ஏறுங்கறாரு! உன்னை ஏறச் சொல்றாரு!”

“என்னையா?”

“வேற யாரை? என்னையா?”

பெரியவர் தன் சேணத்தைக் காராகெர்மேல் வைத்து, பட்டையை அவரே இழுத்துக் கட்டினார். மருமகள் முகத்தைப் பார்க்காமல், குதிரையிடம் சொல்கிறவர் மாதிரிச் சொன்னார், “நீ பாத்துப் பாத்து வளர்த்தது. நீயே ஓட்டு தாயி. சீக்கிரம்.”

கண்ணைத் தலைத்துண்டால் துடைத்தாள். “பிஸ்மில்லாஹ்” என்றாள். நாற்பத்தாறு வயது, கனத்த உடம்பு, பூப்போட்ட பாவாடை, காலில் ரப்பர் பூட்ஸ். ஏறிவிட்டாள்.

“மதினி, அங்கவடி நீளம்!” மெதெர் கத்தினான். “ஒன்னு இருக்கு!”

“கிடக்கட்டும்!” என்று அவள் திருப்பிக் கத்தினாள். அவள் வாழ்க்கையிலேயே ஒரு குறையைக் கிடக்கட்டும் என்று விட்டது அன்றுதான்.

கொடி விழுந்தது.

முதலில் எல்லாருக்கும் கடைசியாகப் போனாள். பூட்ஸ் அங்கவடியில் நிற்காமல் ஆடியது. ஜனம் சிரித்தது. “குமிஸ் விக்கப் போறாளா?” என்று யாரோ கேட்டார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் காராகெர் கழுத்தை நீட்டியது. தக்-தக், தக்-தக், தக்-தக். நடைதான், சுத்தமான நடை, ஆனால் தரை அதன் கீழே ஓடுகிற மாதிரி இருந்தது. முதல் வட்டம் முடிந்து எங்களைக் கடந்தபோது ஏழாவது. அவள் பாவாடை காற்றில் கொடியாகப் பறந்தது. நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. மெதெர் ஒரு கையால் தொப்பியைச் சுழற்றி, “அடிங்க மதினி! கிப்லா அந்தப் பக்கம்!” என்று கத்தினான்.

எழுபத்துநான்கு வயதுப் பெரியவர் எப்போது அங்கே நின்ற லாரியின் தலைமேல் ஏறினார் என்று நான் பார்க்கவில்லை. பைனாகுலரைக் கண்ணில் வைத்தவர் எடுக்கவில்லை.

“அண்ணே, எத்தனாவது?” என்று கீழேயிருந்து கேட்டேன்.

“பேசாத.”

“அஞ்சாவதா?”

“பேசாதம்மா!”

குதிரைகள் குன்றுக்குப் பின்னால் மறைந்தன. அந்தப் பக்கம் நிற்க வேண்டிய நடுவர் முன்னால் போகிற இரண்டு குதிரையோடு தானும் குதிரையில் போய்விட்டார். எங்களுக்குத் தூசி மட்டும் தெரிந்தது. நான் கையை நெஞ்சில் வைத்து ஓதிக்கொண்டே நின்றேன்.

முதலில் ஒரு வெள்ளைக் குதிரை வெளியே வந்தது. அடுத்து ஒரு சிவப்பு. பிறகு, பிறகு நம் ஆள்! நம் ஆளும், தோளோடு தோளாக எசென் என்கிற கீழ்ப்பள்ளத்தாக்கு இளந்தாரியும்! எசெனின் குதிரை முன்னே, காராகெர் முன்னே, மறுபடி எசென். பூமி அதிர்ந்தது. கிழவர்கள் கைத்தடியைத் தூக்கிப் போட்டார்கள். முல்லா வேலிமேல் ஏறி நின்றார். கோட்டுக்கு இருபது அடி இருக்கும்போது ஜிபார் குனிந்து குதிரையின் காதில் என்னவோ சொன்னாள். காராகெர் கழுத்து ஒரு முழம் முன்னால் போனது.

மூன்றாவது!

மூன்றாவது என்றால் இருக்கும் என்று பொருள். நான் புல்லில் உட்கார்ந்து அழுதேன், பக்கத்தில் யாரென்று தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

எங்கள் பந்தயத்தில் ஒரு முறை உண்டு. முடிந்ததும் நடுவர் ஒவ்வொருவரையும் பார்த்து, “ஓட்டத்தில் மின் உண்டா?” என்று கேட்பார். “மின் இல்லை” என்று பதில் சொல்ல வேண்டும். சும்மா சடங்குக்கு. யாரும் வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் ஆள் மின் இல்லை என்றான். இரண்டாவது ஆள் மூச்சு வாங்க மின் இல்லை என்றான். காதிராலி ஜிபாரிடம் வந்தார். அவள் இறங்கி, காராகெரின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவர் லாரியிலிருந்து இறங்கிப் பக்கத்தில் வந்திருந்தார்.

“தங்கச்சி, ஓட்டத்தில் மின் உண்டா?”

அவள் பேசவில்லை.

கூட்டத்தில் ஒரு நிமிடம் குழப்பம், பிறகு சிரிப்பு. “அட, மாமனார் பேருப்பா! பக்கத்துலயே நிக்கிறாரு, பாவம், எப்படிச் சொல்லும்?” காதிராலியும் சிரித்தார். “சரி தங்கச்சி, வாயால வேணாம். தலையை ஆட்டிரு, போதும்.”

அவள் தலையை ஆட்டவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், என் சிரிப்பு போய்விட்டது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஆட்டிவிடடி என்று மனதுக்குள் கெஞ்சினேன், அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

“ஒன்னு இருக்கு” என்றாள் ஜிபார்.

“என்னது?”

“குன்னுக்குப் பின்னாடி. ஒரு கீரி மாதிரி என்னமோ குறுக்கால ஓடுச்சு. நான் பயந்து உடம்பைச் சாச்சுட்டேன். மூணு எட்டு பாஞ்சிருச்சு. தப்பு என்னுது, ஆனா பாஞ்சது நெசம்.”

காதிராலி ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினார். “தங்கச்சி, பாய்ச்சல் வந்தா ஒரு இடம் பின்னால போகணும். தெரியும்ல?”

“தெரியும்ணே.”

“எசெனு மூணாவது ஆயிருவான்.”

எசென் பையன் அலறினான். “அக்கா, நான் பக்கத்துலதான் வந்தேன், நானே பாக்கல! எனக்கு எதுக்குக்கா இது? வேணாம்க்கா!”

“தம்பி, நீ பாக்கல. பாத்தவன் ஒருத்தன் இருக்கான்ல” என்றாள் அவள், மெதுவாக. சொல்லிவிட்டுக் காராகெரின் நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள். ஓடிய சூட்டில் அது நடுங்கிக்கொண்டிருந்தது.

“மூணு எட்டுன்னு யாரு சொன்னது?” என்று ஒரு குரல் கேட்டது. மிங்பாய் பெரியவர். பைனாகுலர் இன்னும் கழுத்தில் தொங்கியது. “நாலு. லாரி மேலேந்து நான் எண்ணினேன்.”

“அப்பா!” என்றான் மெதெர்.

“நாலு எட்டு பாஞ்சுது” என்றார் பெரியவர், மகனைக் கவனிக்காமல், கூட்டத்துக்கே சொல்கிறவர் மாதிரி. “அஞ்சாவது எட்டுல நடைக்கு வந்துச்சு. அறுபது வருஷமா ஜோர்கோ ஓட்டுறேன். வேகத்துல பாஞ்ச குதிரை, அதே வேகத்துல திரும்பி நடைக்கு வந்து நான் பாத்ததே இல்ல. போன வருஷம் எனக்கு வரல. போன வருஷம் மேல உக்காந்திருந்த ஆளு மேலதான் மின்.”

ஆறு பள்ளத்தாக்கும் பார்க்கத் தன்னைப் பற்றியே அந்தச் சொல்லை அவர் சொன்னார். யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

காதிராலி பேனாவை எடுத்தார். “அப்ப காராகெர் நாலாவது. எழுதிக்கவாண்ணே?”

“எழுது. நாலாவதுன்னே எழுது.” பெரியவர் மெதெர் பக்கம் திரும்பினார். “டேய், உன் செவலைக் குதிரை நல்லா கொழுத்திருக்கா?”

“இருக்குப்பா. ஏன்?”

“நவம்பருக்கு அது.”

“அய்யய்யோ! அது என்னப்பா பாவம் பண்ணுச்சு? மதினி, என் குதிரைல ஒன்னும் இல்லன்னு சொல்லுங்க மதினி! நல்லாப் பாத்துச் சொல்லுங்க!”

புல்வெளி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. எசென் தன் தொப்பியை வானத்தில் எறிந்தான். எங்கள் பெண்கள் ஓடிப்போய் ஜிபாரைத் தூக்கப் பார்த்தார்கள், முடியவில்லை, அவள் கனம். எல்லாரும் சேர்ந்து விழுந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே பெரியவர் தன் மேலங்கியைக் கழற்றினார், பண்டிகைக்கு மட்டும் போடுகிற நீல வெல்வெட் அங்கி. வேர்த்து நுரைத்த காராகெரின் முதுகில் அதைப் போர்த்தினார். மார்பு வரை இழுத்து விட்டு, சட்டையோடு மலைக்காற்றில் நின்றபடி, பொத்தானை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார்.